தேதி பார்த்து வாங்கியவர்

திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரி எதிரே இருந்த மெடிக்கலில்தான் அவரைப் பார்த்தேன். மருங்காபுரிப் பக்கத்து விவசாயி. வெயிலில் காய்ந்த ஒடிசலான உடம்பு, தோளில் துண்டு. புதிதாகப் பிறந்திருந்த பேத்திக்காக வீட்டில் வைத்துக்கொள்ள மருந்து வாங்கப் போயிருந்தேன். அவரும் அதற்குத்தான் வந்திருந்தார். அவருடைய பிள்ளை குறைமாதத்தில் பிறந்து, இன்னும் ஆஸ்பத்திரியின் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது.

காய்ச்சல் சொட்டு மருந்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, அதிக நாள் தாங்கும் பாட்டிலையே எடுத்தார். தெர்மாமீட்டரிலும் பால் புகட்டும் பாலாடையிலும்கூடத் தேதி தேடினார்.

"பச்சப்புள்ள சமாச்சாரம். தேதி பாத்து வாங்குங்க" என்று என்னிடமும் சொன்னார்.

அடுத்த வாரம் போனபோது, அன்று வாங்கிய மருந்துப் பையோடு அவர் கடை ஓரமாக நின்றிருந்தார். பிள்ளை முந்தின நாள் போய்விட்டது என்று கடைக்காரர் தாழ்ந்த குரலில் சொன்னார். விவசாயி என்னிடம் பையை நீட்டினார்.

"உங்க பேத்திக்கு வச்சிக்கங்க."

இறந்த பிள்ளைக்கு வாங்கியதை யாரும் வீட்டில் சேர்க்கமாட்டார்கள். என் கை நீளவில்லை. அவருக்கும் அது புரிந்தது.

"புள்ள இதத் தொடலைங்க. வீட்டுக்கே வரலையே. ஒண்ணும் பிரிக்கல. தேதியும் நெறைய இருக்கு."

வாங்கிக்கொண்டேன். பஸ் ஸ்டாப் வரை போனவர் திரும்பி வந்தார்.

"மூடி தொறந்துட்டா ஒரு மாசந்தாங்க. அப்புறம் தேதி இருந்தாலும் குடுத்துடாதீங்க."

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு அலமாரியில் அந்தப் பை அப்படியே இருக்கிறது. பிரிக்கவும் மனம் வரவில்லை, எறியவும் வரவில்லை. தேதி முடியட்டும் என்று காத்திருக்கிறேன்.