இரண்டு புள்ளி ஒன்று நான்கு மீட்டர்

நீர்வளத் துறை அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் சேட்டிலைட் சார். ஆற்றோரக் கம்பங்களில் பொருத்திய கருவிகள் மணிக்கொரு தரம் நீர்மட்டத்தைச் செயற்கைக்கோளுக்கு அனுப்பும். அது கீழே எறியும் செய்தியைப் பிடித்துவந்து எண்ணாகப் பிரித்துக் கொடுக்கும் கணினி நிரல்தொகுப்பு ஒன்றை, பைத்தான் லைப்ரரி என்பார்கள், அவர் எழுதியிருந்தார். நிரல் முந்நூறு வரி. அதன் முகப்பில் தன்னைப் பற்றி எழுதியது நானூறு.

அதில் அவர் மிகவும் மெச்சிக்கொண்ட நுணுக்கம் ஒன்றுண்டு. ஒரு மணிநேரச் செய்தி தவறினால் வரைபடத்தில் ஓட்டை விழும்; ஓட்டையைக் கண்டால் மேலதிகாரி முகம் சுளிப்பார். ஆகவே, செய்தி வராத நேரத்துக்கெல்லாம் கடைசியாக வந்த எண்ணையே லைப்ரரி நிரப்பிவிடும். கோடு வழுவழுவென்று ஆனது. மேலதிகாரி தோளில் தட்டினார். தட்டிய இடத்தில் சார் இரண்டு நாள் சோப்புப் போடவில்லை என்பது பியூன் கிளப்பிய செய்தி; அதில் ஓட்டை இருப்பதாகத் தெரியவில்லை.

சாரின் மச்சினன் ஆற்றுக்குப் பக்கத்துத் தெருவில் தையற்கடை வைத்திருந்தான். ஏழு மெஷின்கள், அவன் பிழைப்பே அவைதான். மூன்று நாள் விடாமழைக்குப் பிறகு, சார் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பும் தட்டுமாக உட்கார்ந்திருந்த காலையில், ஃபோன் செய்தான். மெஷின்களை மாடிக்கு ஏற்றட்டுமா என்று கேட்டான். ஏற்றினால் அன்று மாலை கொடுக்கவேண்டிய பள்ளிச் சீருடை அம்போ.

சார் திரையைப் பார்த்தார். "ரெண்டு புள்ளி ஒன்னு நாலு மீட்டர். காலையிலேர்ந்து ஒரு நூல்கூட ஏறல. நீ பாட்டுக்குத் தை."

"மச்சான், தண்ணி வாசப்படியில நிக்குது."

"அது சாக்கடைத் தண்ணியா இருக்கும். ஆறுன்னா எனக்குத் தகவல் வந்திருக்குமே."

அந்த எண்ணை அனுப்பவேண்டிய ஆற்றோரக் கம்பமோ விடியுமுன்பே தண்ணீரில் சாய்ந்து, மீன்களுக்குச் செய்தி வாசித்துக்கொண்டிருந்தது. அதன்பின் திரையில் வந்த எண்கள் எல்லாம் சாருடைய நுணுக்கம் ஊட்டியவை. இது தெரியாமல் அவர் கால்மணி நேரம் ஆற்றின் தரப்பில் வாதாடினார்.

மனைவி ஃபோனைப் பிடுங்கினாள். "டேய் தம்பி, இவரு வானத்தைப் பாத்துச் சொல்றாரு. நீ தரையைப் பாத்து மெஷினைத் தூக்கு."

ஐந்து ஏறின. வாதத்துக்குப் பலியாக இரண்டு முழுகின.

அடுத்த வாரம் லைப்ரரியின் புதிய பதிப்பு வந்தது. கோடு அதே வழுவழுப்பு. எண்ணுக்கு மட்டும் இப்போது மூன்று தசம இடம். மச்சினன் கடை வாசலில் ஒரு கட்டையை நட்டு, அளவெடுக்கும் டேப்பை அதில் ஆணியடித்தான். மழை வலுத்தால் அக்கா தம்பிக்கு ஃபோன் போட்டு, டேப்பில் எத்தனை இஞ்ச் என்று கேட்கிறாள். திரைக்கு முன்னால் சார் காதைத் தீட்டிக்கொண்டிருப்பார். தலையை மட்டும் திருப்பமாட்டார்.