லின் அக்கா காய்ச்சிய பால்

போன வாரம் கிருஷ்ணகிரியில் முனிராஜண்ணன் மகளுக்குக் கல்யாணம். ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் நான் குடியிருந்த தெருவில் பாதி வீடுகள் அவருடையவை. மேடை முழுக்க ரோஜா. பந்திக்குப் பக்கத்தில் சைனீஸ் கவுண்டர் வேறு. இரும்புச் சட்டியில் முட்டைக்கோஸும் சோயா சாஸும் புகைந்த வாசனைக்கே தட்டை ஏந்திக்கொண்டு போய் நின்றுவிட்டேன். நூடுல்ஸ் என்றால் எனக்கு வெட்கம் மானம் கிடையாது. அண்ணன் வந்து தோளில் கை போட்டார்.

"என்னதான் இருந்தாலும் அந்தச் சைனாக்காரி கைப்பக்குவம் வராதுப்பா. அவ இப்ப எங்க இருக்கா?"

யார் கேட்கிற கேள்வி பாருங்கள்!

அஞ்செட்டியிலிருந்து கம்பெனி வேலைக்கு வந்த புதிதில் எனக்குச் சோறு போட்டது லின் அக்கா கடைதான். கல்கத்தாவில் பிறந்த சீனக் குடும்பம். அப்பாவோடு பெங்களூர் வந்து, அவர் காலமான பிறகு மத்திகிரியில் முனிராஜண்ணனின் கட்டடத்தில் கீழே கடை போட்டிருந்தார். ஷிப்ட் முடிந்து வருகிற எங்களிடம் "ஊட்டா ஆயித்தா?" என்று, சாப்பிட்டாச்சா என்பதைக் கன்னடத்தில் கேட்பார். பதில் வருவதற்குள் தமிழில் திட்டுவார். "கைய கழுவிட்டு வாங்கடா, கிரீஸ் நாத்தம்!" தெருவே அங்கேதான் தின்றது. அண்ணன் வீட்டுக்குத் தூக்குப்போசியில் போகும்.

ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, ராகிக் களி எப்பிடிக் கிண்டறது?" என்றார். எனக்காகத்தான் என்று நினைத்து உச்சி குளிர்ந்து, கட்டி விழாமல் கிண்டுவது வரை சொல்லிக்கொடுத்தேன். பார்த்தால், களி கிப்புக்காம்!

கிப் கென்யாக்காரர். அங்கேயும் ரோஜாத் தோட்டத்தில்தான் வேலையாம். இங்கே ஓசூர்ப் பக்கம் ஒரு ரோஜாப் பண்ணையில் சூப்பர்வைசர். ஏற்றுமதிக்கு ஆகாத, தண்டு வளைந்த பூக்களைப் பேப்பரில் சுருட்டிக்கொண்டு வருவார். அக்கா அவற்றைக் காலி சாஸ் பாட்டிலில் வைப்பார். களியை முதல்முறை வாயில் போட்டதும் அந்த மனிதர் இன்னும் ஒரு கவளம் எடுத்தார். பிறகு, "எங்க அம்மா இது மாதிரி செய்வாங்க. சோள மாவுல" என்றார். அக்கா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். தெருவுக்குக் கிப் 'நைஜீரியா'. "கென்யா" என்று ஒவ்வொரு தடவையும் சிரித்துக்கொண்டே திருத்துவார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

கடைக்கு மேலே மாடி வீடு காலியானதும், கிப்போடு குடிவர அக்கா கேட்டார். அண்ணன் சொன்னதை நானே காதால் கேட்டேன். "சும்மா சேந்து இருந்தா ஊரு பேசும்மா. ரிஜிஸ்டர் பண்ணிக்கிட்டு வா, வீடு உனக்குத்தான்." வெளிநாட்டுக்காரரைக் கட்டுவதென்றால் லேசா? ஆபீஸ் ஆபீஸாக அலைந்து பதிவு செய்துகொண்டு வந்தார்கள்.

பால் காய்ச்சித்தான் குடிபோக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது அக்காதான். அண்ணனின் மனைவி வந்து வாசற்படியிலேயே நின்றார். பால் ஏறி வந்தது. பொங்கப்போகிற நேரத்தில் கிப் பாய்ந்து அடுப்பை அணைத்துவிட்டார்! நல்லது செய்ததாக அவருக்கு நினைப்பு. அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "அய்யோ, பொங்கணும்யா! விடு!" மறுபடி பற்றவைத்தார். அடுப்பு நனையப் பொங்கியது. ஆனால் அந்தம்மா அதற்குள் இறங்கிப் போயிருந்தார்.

அக்கா டம்ளர்களில் ஊற்றி வீடு வீடாகக் கொடுத்தார். "வெச்சிட்டுப் போம்மா" என்றார்கள். அவர் தலை மறைந்ததும் ஒவ்வொரு வீடாகக் கதவு திறந்தது. சாக்கடையில் பால் ஓடியதைக் கண்ணால் பார்த்தேன். இத்தனை வருஷம் தின்றது அந்தக் கையால்தானே? நூடுல்ஸுக்கு இல்லாத தீட்டு பாலுக்கு எங்கிருந்து வந்தது? பக்கத்தில் ஒரு கறுத்த ஆள் நின்றதாலா? எங்கள் தெருவில் யார் சிவப்பு, காட்டுங்கள் பார்ப்போம்!

இரண்டு நாளில் அண்ணன் கடை வாசலுக்கு வந்தார்.

"பால் பொங்கலியாமே. சகுனம் சரியில்லம்மா. வயசுப் பொண்ணு இருக்கற எடம். வீடும் கடையும் காலி பண்ணிடு."

"நீங்கதானண்ணா ரிஜிஸ்டர் பண்ணிக்கிட்டு வரச் சொன்னீங்க?"

அவர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த வாரமே அக்காவும் கிப்பும் சட்டி பாத்திரங்களோடு ஒரு மினி லாரியில் ஏறிப் போனார்கள். பிறகு போன் நம்பரும் மாறிவிட்டது.

அதே அண்ணன்தான் இப்போது என் தோளில் கை வைத்துக்கொண்டு, எங்கே இருக்கிறாள் என்று கேட்கிறார்.

"நீங்கதானேண்ணா தொரத்துனீங்க?" என் குரலுக்கு நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"நானா? அவங்களா போனாங்கப்பா." பொய் சொல்லவில்லை, நிஜமாகவே மறந்திருந்தார். "அந்த மாடி வீட்டத்தான் இப்ப பொண்ணுக்குக் குடுத்திருக்கேன். ஞாயித்துக்கெழமை பால் காய்ச்சறோம். வந்துடு."

தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தேன். ஞாயிற்றுக்கிழமை போகவுமில்லை. அக்கா கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். ஷிப்ட் முடிந்து பசியோடு வருகிறவனைச் சாப்பிட்டாயா என்று கேட்க அந்தத் தெருவில் ஒரு நாதியில்லை.