பாதியில் நின்ற கடவாய்ப் பல்

சேலத்துப் பல் டாக்டர்களில் பாதிப் பேராவது என் வாய்க்குள் எட்டிப் பார்த்திருப்பார்கள். இத்தனைக்கும் நான் போனதென்னவோ அஸ்தம்பட்டியில் இருக்கும் ஒரே ஒரு கிளினிக்குக்குத்தான்.

வலது பக்கக் கீழ்க் கடவாய்ப் பல்லுக்கு அங்கே ரூட் கெனால் ஆரம்பித்தார்கள். இடது பக்கம் ஏற்கெனவே இரண்டு பற்கள் போய்விட்டன. இதுவும் போனால் சோற்றை மென்று தின்ன வழியில்லை. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மொத்த மளிகைக் கடையில் நாள் முழுக்க பில் போடுகிறவள் நான். மத்தியானம் ஆனால் பசி வயிற்றைக் கிள்ளும். அந்தப் பல்லை விட்டுக்கொடுக்க எனக்கு மனசே இல்லை.

முதல் நாள் பார்த்த டாக்டர் ஒன்றரை மணி நேரம் குனிந்த தலை நிமிராமல் வேலை செய்தார். அதிகம் பேசவில்லை. தற்காலிகமாக சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டு, "அடுத்த வாரம் வாங்கம்மா, முடிச்சரலாம்" என்றார்.

அடுத்த வாரம் அவர் இல்லை. வேறொருவர் இருந்தார். பல்லைத் தட்டினார், புதிதாக எக்ஸ்ரே எடுத்தார், பத்து நாள் கழித்து வரச் சொன்னார். பத்தாம் நாள் காலையில் போன் வந்தது: "இன்னைக்கு டாக்டர் வரலீங்க." கடையில் அரை நாள் லீவு சொன்னது வீண். அதற்கப்புறம் வந்தவர், "யாருங்க இதைப் பண்ணது?" என்று கேட்டார், நானே வீட்டில் உட்கார்ந்து நோண்டிக்கொண்ட மாதிரி. "இங்கதானுங்க பண்ணுனாங்க" என்றேன். பைலைப் புரட்டினார். முதல் டாக்டர் எழுதியிருந்த ஒற்றை வரி யாருக்கும் புரியவில்லை. பழைய சிமெண்டை எடுத்துவிட்டுப் புது சிமெண்ட் வைத்தார், அவ்வளவுதான்.

இப்படியே மூன்று மாதம் ஓடியது. நான்காவதாக வந்தவர் ரொம்ப யோசிக்கவில்லை. "இதைக் காப்பாத்த முடியாதுங்க. எடுத்தர்றதுதான் நல்லது. நாளைக்குக் காலையிலயே வந்துருங்க" என்றார்.

பல்லைச் சரி பண்ண மூன்று மாதமாகக் கிடைக்காத நேரம், பிடுங்குவதற்கு மட்டும் மறுநாள் காலையிலேயே கிடைத்துவிட்டது! வெளியே வந்து, வரவேற்பில் இருந்த பெண்ணிடம் வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவள் கோபப்படவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, மொதல்ல பாத்தாரே, அவரு இங்க நெரந்தரமா இருக்கறவரு இல்லீங்க. எந்தக் கிளினிக்ல கூப்புட்டாலும் போவாரு. சனிக்கிழமையானா பள்ளிபாளையத்துல உக்காருவாருங்க. நாஞ் சொன்னேன்னு சொல்லிராதீங்க."

பல்லைப் பிடுங்க நான் போகவில்லை. சனிக்கிழமை ஈரோடு பஸ் பிடித்து, பள்ளிபாளையத்தில் இறங்கி விசாரித்துக் கண்டுபிடித்தேன். நூல் கடை ஒன்றுக்கு மேல் மாடியில் சின்ன கிளினிக். இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். இவரும் பிடுங்கிவிடலாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

உள்ளே போனதும் அவர் நிமிர்ந்து பார்த்தார். "சொல்லுங்கம்மா, என்ன தொந்தரவு?"

என்னை அடையாளமே தெரியவில்லை. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இன்னொரு தடவை முதலிலிருந்து கதை சொல்லத் தெம்பில்லாமல் வாயை மட்டும் திறந்தேன்.

கண்ணாடியை உள்ளே விட்டவர் ஒரு கணம் அப்படியே நின்றார். "அட, இந்தப் பல்லுங்களா! நாலாவது வேரு எங்க இருக்குதுன்னு அன்னைக்குப் பூரா தேட வெச்ச பல்லாச்சே. ஏம்மா, அப்புறம் வரவே இல்ல?"

வரவே இல்லையாம்! வாயில் கண்ணாடி இருந்ததால் பிழைத்தார். தன் போனை எடுத்து, அன்றைக்கு எடுத்து வைத்திருந்த எக்ஸ்ரே படத்தைத் தேடிக் காட்டினார். அதில் என் பல் நான்கு வேர்களோடு இருந்தது.

"அங்க எடுத்தர்லாம்னு சொல்லிட்டாங்க" என்றேன்.

"எதுக்குங்க எடுக்கோணும்? நல்ல பல்லுங்க. இன்னைக்குச் சுத்தம் பண்ணிரலாம். இன்னும் ஒருக்கா வந்தா முடிஞ்சுது."

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. வலிக்கிறதா என்று பதறிப்போய்க் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். என் முகம் மறந்தால் மறந்துவிட்டுப் போகட்டும், அவருக்குப் பல் ஞாபகம் இருந்தது. அப்படியொரு நிம்மதியை நான் அந்த மூன்று மாதத்தில் அனுபவிக்கவே இல்லை.

வேலை முடிந்ததும், "அடுத்த சனிக்கிழமை வாங்கம்மா" என்றார்.

"நீங்களே இருப்பீங்களாங்க?"

கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நானேதாங்க இருப்பேன்."

அந்தச் சனிக்கிழமை ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விட்டேன். அவர் எனக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார்.