காசிம் நானாவின் ரைபிளுக்கு வைத்த ரிங்

"அந்த ரைபிளைத் திருத்திக் குடுக்காதீங்க தம்பி. ஏலாதுன்னு சொல்லிடுங்க."

கடை வாசலில் நின்று இதைச் சொன்னவர் காசிம் நானாவின் மனைவி ஸபியா ராத்தா. அண்ணனை நானா என்பதும் அக்காவை ராத்தா என்பதும் அவர்கள் வழக்கம். நானும் அப்படியே கூப்பிடுவேன். கலேவெலயிலிருந்து பஸ் பிடித்து, இந்த ஒரு வார்த்தை சொல்வதற்காகவே மாத்தளைக்கு வந்திருந்தார்.

அப்போது நான் மாத்தளை டவுனில் வேலு முதலாளியின் துவக்குக் கடையில் துப்பாக்கி ரிப்பேர் வேலை பார்த்தேன். நாடு சுதந்திரமடைந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் விற்றுவிட்டுப் போன ரைபிள்கள் உள்ளூர்க்காரர் கைக்கு வந்தன. பழுதானால் என் கைக்கு வந்தன. அப்படி வந்ததுதான் காசிம் நானாவின் ரைபிளும். யானை சுடக்கூடிய கனத்த ரைபிள். அதன் மேல் ஒரு டெலஸ்கோப்.

காசிம் நானாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. நெல்லும் மிளகாயும் போடுகிற விவசாயி. ஆளைக் கொன்று திரியும் தனியன் யானையைச் சுட அரசாங்கம் அனுமதி கொடுத்தால், சுற்றுவட்டாரத்தில் முதலில் தேடி வருவது அவரைத்தான். லக்கலப் பக்கம் ஒரு தனியன் அந்த வருடம் ஒரு பெண்ணை மிதித்துக் கொன்றிருந்தது. நானா போனார். மழை பெய்து டெலஸ்கோப் கண்ணாடி ஆவி படிந்து புகை பிடித்துப்போனது. அதைக் கழற்றிவிட்டுக் கீழே குழாய் மேல் குறி பார்க்க இருந்த பழைய சைட்டில் பார்த்தால் ஒன்றுமே பிடிபடவில்லை. வெடி வைக்காமல், சுடாமலே திரும்பி வந்தார். டெலஸ்கோப் கைவிட்டால் உதவுகிற மாதிரி இன்னொரு சைட் வேண்டுமென்று ரைபிளை என்னிடம் தந்திருந்தார்.

"வெடி வைக்காம வந்தாரே, அந்த மட்டுக்கு அல்லாஹ் காப்பாத்தினான். கண்ணு தெரியாத மனுசன் ஆனைக்கு முன்னால போய் நிக்கிறதா? நீங்களே சொல்லுங்க" என்றார் ராத்தா.

அவர் போனதும் முதலாளி தன் பங்குக்குப் பிடித்துக்கொண்டார்.

"லிங்கம், அந்த அம்மா சொல்றது சரி. நாளைக்கு அவருக்கு ஒன்னு ஆனா, 'வேலு கடையில வச்ச சைட்டு'ன்னுதான் ஊரு பேசும். எண்ணெய் போட்டுத் துடைச்சுக் குடுத்து அனுப்பிடு."

இரண்டு பேரும் சொன்னது நியாயம்தான். ஆனால் நானா இல்லையென்றால் வேறு யாராவது சாதாரணத் துவக்கைத் தூக்கிக்கொண்டு போய் அந்த யானையைக் காயப்படுத்துவார்கள். காயம்பட்ட யானை இன்னும் பொல்லாதது. அடுத்த முறை நானா வந்தபோது நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன்.

"அவ உன்கிட்டயும் வந்துட்டாளா?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "என் கண்ணு போச்சா இல்லையான்னு எனக்கே தெரியல்ல, லிங்கம். நீதான் பார்த்துச் சொல்லணும்" என்றார்.

"நான் வைக்கிற சைட்ல நீங்க சுட்டுக் காட்டணும், நானா. ஏலலேன்னா நீங்களே ரைபிளைக் கீழ வச்சிடணும்."

"சரி. அவளும் வந்து பார்க்கட்டும். அவ கண்ணு நல்ல கண்ணு."

மூன்று தூரம்

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் இதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். பழைய சைட்டில் குறி பார்க்கிறவர் மூன்று தூரங்களை ஒரே நேரத்தில் பார்க்கிறார். கிட்டே பேக்சைட்டின் பள்ளம், குழாய் நுனியில் போர்சைட்டின் மணி, அதற்கப்பால் மிருகம். இளம் கண் மூன்றுக்கும் நொடியில் ஓடித் திரும்பும். வயதான கண் ஓடாது. கிட்டே இருக்கிற பள்ளம்தான் முதலில் கலங்கும். நானாவை அந்தப் பள்ளத்தில் பார்க்கச் சொன்னேன்.

"பஞ்சு ஒட்டின மாதிரி இருக்கு" என்றார்.

டெலஸ்கோப் இந்த மூன்றையும் ஒன்றாக்கிவிடும். "இதுக்குள்ள பார்த்தா முப்பது வயசு குறைஞ்சிடுது" என்பார் நானா. ஆனால் மழைக்கும் அடிக்கும் அது தாங்காது. அதனால் பள்ளத்தை அடியோடு விட்டுவிட்டு, பின்பக்கம் ஒரு ரிங் வைப்பதென்று முடிவு செய்தேன். ரிங்கை யாரும் உற்றுப் பார்க்கத் தேவையில்லை. அதன் ஓட்டை வழியாகப் பார்த்தால் போதும்; நடு எதுவென்று கண் தானே தேடிக்கொள்ளும். மூன்று தூரம் இரண்டாகிவிடும்.

போர்சைட்டின் மணியையும் மாற்ற வேண்டியிருந்தது. பழையது கறுத்துப்போன பித்தளை. காட்டு நிழலில் தெரியாது. வெள்ளை மணிக்குக் காட்டுப்பன்றியின் பல்லைப் போல நல்ல சாமான் கிடையாது, மஞ்சளாகாது, வெடிக்காது. பெட்டியில் ஒன்று வைத்திருந்தேன். எடுத்து நீட்டினேன்.

நானா இரண்டடி பின்னால் போனார். "பண்டிப் பல்லா? என்ன லிங்கம், ஆனை கொல்லுறதுக்கு முந்தி நீயே என்னைக் கொன்னுடுவ போல இருக்கே!"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சங்கு ஒன்றை உடைத்து, அதில் ஒரு துண்டை அரம் போட்டு உருட்டி மணியாக்கினேன். பல்லை விட அது சோதனை. இரண்டு மூன்று துண்டுகள் விரலிடுக்கில் நொறுங்கிய பிறகுதான் ஒன்று தேறியது.

ரிங்கை டெலஸ்கோப்புக்கு அடியில் மடங்கிக் கிடக்கும்படி செய்தேன். லீவரைத் தட்டி டெலஸ்கோப்பைக் கழற்றிவிட்டு, பெருவிரலால் ஒரு தள்ளு தள்ளினால் நிமிர்ந்து நிற்கும். கனத்த ரைபிள் உதைக்கும் என்பதால் கண்ணுக்கு மிகக் கிட்ட வைக்கவில்லை. வைத்தால் புருவம் கிழிந்துவிடும். ஓட்டையைச் சிறிதாகப் போட்டேன். ஓட்டை சிறுக்கச் சிறுக்கக் காட்சி கூர்மையாகும். அது எனக்குத் தெரிந்த பாடம்.

தேங்காய் மட்டை

பொலிசுக்குச் சொல்லிவிட்டு, டவுனுக்கு வெளியே கல் உடைத்துக் கைவிட்ட ஒரு கல்லுக்குழிக்குப் போனோம். நானா, ராத்தா, முதலாளி, நான். உச்சி வெயிலில் நானா சுட்டது எல்லாம், குறிக்காகக் கட்டிய அட்டையின் நடுவில் ஒரு உள்ளங்கைக்குள் அடங்கியது. முதலாளியே, "அடேயப்பா!" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ராத்தா மட்டும் அசையவில்லை. "ஆனை பகல் பன்னெண்டு மணிக்கா வயலுக்கு வரும்?" என்று கேட்டார்.

அந்திவரை காத்திருந்தோம். வெளிச்சம் மங்கியதும் நானா மறுபடி ரைபிளைத் தோளில் வைத்தார். வைத்தபடியே நின்றார். நெடுநேரம் கழித்துக் கீழே இறக்கிக் கல்லின் மேல் சாய்த்தார்.

"தெரியல்ல" என்றார். "ஓட்டை இருட்டாப் போச்சு."

வென்றுவிட்ட முகம் ராத்தாவுக்கு இல்லை. நானாவின் தோளில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டார், அவ்வளவுதான். பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் ரைபிளை நான்தான் சுமந்து வந்தேன்.

மறுநாள் பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தேன். நான் வைத்தது அட்டை சுடுகிறவருக்கான ரிங். வெளிச்சம் நிறைய இருக்கிற இடத்துக்கு அதுதான் சரி. வயதான கண்ணுக்குக் கூர்மை போவதைப் போலவே, மங்கலில் பார்க்கிற சக்தியும் போய்விடுகிறது. சிறு ஓட்டை கூர்மையைக் கொடுத்து வெளிச்சத்தைப் பிடுங்கிக்கொண்டது. ஓட்டையைத் துளைத்துப் பெருக்கினேன். ஓரத்தை மெல்லிய கம்பி போல் ஆகும்வரை அரத்தால் தேய்த்தேன். கண்ணில் வைத்துப் பார்த்தால் ரிங்கே மறைந்து, சங்கு மணி மட்டும் வெள்ளையாக மிதந்தது. "இதுல எப்படிடா குறி நிக்கும்? வளையல் மாதிரி இருக்கே!" என்றார் முதலாளி. நிற்கும் என்று எனக்கு நம்பிக்கை இருந்தது.

இன்னொன்றும் செய்தேன். நானா வாழ்நாள் முழுக்க இடது கண்ணை மூடித்தான் சுட்டவர். இரண்டு கண்ணையும் திறந்து பார்க்கப் பழகச் சொன்னேன். குண்டில்லாத வெறும் ரைபிளை வைத்து வீட்டு வாசலில் பழகினார். "ஒரு கண்ணை மூடுறதை மறக்க இம்புட்டு பாடு பட வேண்டியிருக்கு" என்று அலுத்துக்கொண்டார். ஆனாலும் பழகினார்.

தவறு என் ரிங்கில்தான் என்று ராத்தாவிடமும் சொல்லி, இரண்டாம் முறை நேரே அந்திக்கே போனோம். நான் அட்டையைக் கட்டப் போனபோது ராத்தா தடுத்தார்.

"வெள்ளை அட்டை எனக்கே தெரியுது. நான் வைக்கிறதைச் சுடட்டும்."

காய்ந்த தேங்காய் மட்டைகளைப் பொறுக்கிக்கொண்டு குழிக்குள் இறங்கினார். நானாவைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, கரும்பாறை மேல் ஒன்று, புதரடியில் ஒன்று, மண்மேட்டில் ஒன்று என்று வைத்தார். பழுப்பு மட்டை, பழுப்பு வெளிச்சம். ஏறி வந்து எங்கள் பின்னால் நின்றுகொண்டு, "இப்ப தேடுங்க" என்றார்.

நானா திரும்பினார். பாறை மேலிருந்தது சிதறியது. மண்மேட்டில் இருந்தது துள்ளி விழுந்தது. புதரடி மட்டைக்கு மட்டும் சற்று நேரம் எடுத்தார். அதுவும் பறந்தது.

ராத்தா என்னைப் பார்த்தார். "நல்ல வேலை செஞ்சிருக்கீங்க தம்பி" என்றார். பிறகு நானாவிடம், "போயிட்டு வாங்க" என்றார். அந்த இரண்டு சொல்லுக்காகத்தான் நானா அவ்வளவு பாடுபட்டார் என்பது அப்போது அவர் முகத்தில் தெரிந்தது.

லக்கல வயல்

"நீ வச்ச ரிங், நீயே வந்து பாரு" என்று நானா என்னையும் வாடகைக்குப் பிடித்த ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். லக்கலவில் அந்த ஊர்க்காரர்கள் யானை இறங்கும் வயலைக் காட்டினார்கள். அன்று தூறல். விடிந்தும் விடியாத நேரத்தில் வயலோரத்து மரத்தடியில் நின்றோம். டெலஸ்கோப் கண்ணாடி மறுபடி புகை பிடித்தது. நானா அதை ஒருமுறை துடைத்துப் பார்த்தார். சத்தமில்லாமல் லீவரைத் தட்டிக் கழற்றி என் கையில் தந்துவிட்டு, ரிங்கை நிமிர்த்தினார்.

யானை எதிர்க் காட்டிலிருந்து வயலுக்குள் இறங்கியது. ஊர்க்காரர்கள் அடையாளம் சொன்னபடியே கிழிந்த காது. நெற்கதிரை வளைத்துப் பிடுங்கியபடி எங்கள் பக்கமாக வந்தது. நல்ல கிட்டத்துக்கு வந்துவிட்டது. நானா ரைபிளைத் தோளில் வைத்தார். நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

வெடி கேட்கவில்லை.

அவர் ரைபிளை இறக்கினார். கல்லுக்குழியில் பார்த்த முகம் நினைவுக்கு வந்தது. ரிங் கைவிட்டுவிட்டது என்றே நினைத்தேன். ஆனால் நானா சேற்றில் இறங்கி, யானையைப் பார்த்தபடியே பக்கவாட்டில் நடக்கத் தொடங்கினார். மறைவே இல்லாத வயல். சேறு கலங்கிய சத்தத்தில் யானை தலையைத் தூக்கியது. காதை விரித்து, பிளிறிக்கொண்டு அவர் மேல் ஓடி வந்தது. நானா நின்றார். இரண்டு கண்ணும் திறந்திருந்ததை நான் பார்த்தேன். ஒரு வெடி. யானை முன்னங்கால் மடிந்து, வந்த வேகத்திலேயே சேற்றில் சரிந்தது.

நான் விழுந்தடித்து ஓடினேன். "ஏன் நானா முதல்லயே சுடல்ல?"

அவருக்கு மூச்சு வாங்கியது. கையை நீட்டிக் காட்டினார். யானை முதலில் நின்ற இடத்துக்கு நேர் பின்னால், தூரத்து வரப்பில், சாக்கைத் தலையில் போட்டபடி ஒருவர் உறைந்துபோய் நின்றுகொண்டிருந்தார். தண்ணீர் திருப்ப வந்தவர். அதுவரை நான் அவரைக் கவனிக்கவே இல்லை.

"மணிக்குப் பக்கத்துல ஏதோ அசைஞ்சிச்சு. குண்டு தவறினா அந்த மனுசனுக்குத்தான். அதான் பக்கமா விலகிப் போனேன்" என்றார் நானா. "டெலஸ்கோப்ல ஆனை மட்டும்தான் தெரிஞ்சிருக்கும், லிங்கம். பழைய சைட்ல அதுவும் தெரிஞ்சிருக்காது."

அந்த ஆள் பின்பு வந்து நானாவின் இரு கையையும் பிடித்துக்கொண்டு சிங்களத்தில் ஏதேதோ சொன்னார். எதுவும் என் காதில் ஏறவில்லை. நான் அந்த மெல்லிய கம்பி வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும் வழியில் கலேவெலயில் இறங்கி ராத்தாவிடம் யானை விழுந்த கதையைத் தொடங்கினேன். "அதை ஊர் முழுக்கச் சொல்லுவாங்க. வெடி வைக்காம நின்ன கதையைச் சொல்லுங்க" என்றார். சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர் நானாவின் பக்கம் திரும்பிப் பார்த்த பார்வையை, இத்தனை வருடம் கழித்தும் நான் என் சம்பளத்தில் சேர்த்துத்தான் எண்ணுகிறேன்.

அதற்குப் பிறகு வயதானவர் யார் ரைபிளோடு வந்தாலும் முதலாளி, "லிங்கத்துக்கிட்ட போங்க" என்று கைகாட்டிவிடுவார். தோட்டத்துக் காவற்காரர்கள், வஹகோட்டைப் பக்கத்து விவசாயிகள், மிச்சமிருந்த துரைமார் என்று எத்தனையோ பேருக்கு ரிங் வைத்துக் கொடுத்தேன். எந்த ரிங்கையும் பெட்டியிலிருந்து எடுத்து நீட்டியதில்லை. எந்த வெளிச்சத்தில் சுடுவீர்கள், எந்த இடத்தில் நிற்பீர்கள் என்று முதலில் கேட்பேன். பிறகு அந்த வெளிச்சத்தில் அவர் பக்கத்தில் போய் நிற்பேன். கண்ணுக்கு இலக்கைக் கூர்மையாகக் காட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். இலக்கைச் சுற்றி இருப்பதையும் காட்டுகிற சைட்தான் நல்ல சைட்.