எத்தனை ஏக்கர் என்று மட்டும் கேட்ட கடை

நான் விற்ற பூச்சிமருந்தைக் குடித்து எங்கள் ஊரில் ஒரு பொடியன் செத்தான். ஊர் சம்மாந்துறை. காலம் எண்பதுகளின் தொடக்கம். வயலுக்கு மருந்து விற்கிறவன் ஆளின் முகத்தைப் பார்ப்பதில்லை. எத்தனை ஏக்கர், என்ன பூச்சி, அவ்வளவுதான் கேட்பான். இந்தத் தொழில் செய்தவர்கள் இதை வாசித்தால் முகத்தைத் திருப்ப வேண்டாம். நீங்களும் அப்படித்தான் விற்றீர்கள்.

வாப்பா கேட்டார்

பொடியனின் பெயர் ரபீக். பத்தொன்பது வயது. "வாப்பா கேட்டார், மூணு ஏக்கருக்கு" என்றான். கொடுத்தேன். வேளாண்மைக் கதிர் முற்றி, வெட்டுக்கு ஆள் தேடித் திரிகிற நாள் அது. அந்த நேரத்தில் எவன் மருந்து அடிப்பான்? எனக்கு உறைக்கவில்லை.

ஏன் குடித்தான் என்று எனக்குத் தெரியாது. ஊருக்குத் தெரிந்த காரணங்கள் ஒரு வண்டி. ஒன்றையும் நான் நம்பவில்லை. வயிற்றுக்குத்து வந்து மௌத்து என்று சொல்லி, சந்தூக்கில் வைத்துத் தூக்கிப்போய் அடக்கினார்கள். மூன்றாம் நாள் அவன் வாப்பா கடை வாசலில் வந்து நின்றார். ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசவில்லை. "வெட்டுக்கு நிக்கிற வயலுக்கு என்னத்துக்கு மருந்தெண்டு ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே, காக்கா."

ஐந்து சைக்கிள்

அடுத்த கிழமை, ரபீக்கோடு வொலிபோல் அடித்த பொடியன்கள் ஐந்து பேர் சைக்கிளில் வந்து கடையை மறித்தார்கள். முன்னுக்கு நின்றவன் ஜௌபர், தையற்கடையில் வேலை. வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடுகிற வட்டவிதானை துண்டு எழுதித் தராமல் இனி நான் ஒரு போத்தலும் விற்கக் கூடாதாம். எந்த வயலில் என்ன பூச்சி என்று அவருக்குத்தானே தெரியும். துண்டு வந்தாலும் போத்தல் வீட்டுக்குப் போகாது. இவர்களே வயலில் காவல் இருக்கிற வாடிக் குடிசைக்குக் கொண்டுபோய்ப் பெட்டியில் பூட்டுவார்களாம். முகம் கறுத்துத் திரிகிற கூட்டாளி எவனையும் தனிய விடாமல், முறை வைத்துக் கூட இருப்பார்களாம்.

"என்ட கடைக்குச் சட்டம் போட நீ யார்ரா?" என்றேன். போகவில்லை. வாங்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் நாள் மர அடிமட்டத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். ஜௌபர் அசையவில்லை. "அடிங்க மாமா. ரபீக்குட சந்தூக்கத் தூக்கின தோள் இது. இன்னொண்டத் தூக்க ஏலா."

உப்புக்கும் துண்டா?

அடிமட்டத்தைக் கீழே போட்டேன். துண்டில்லாமல் விற்பதில்லை என்று பலகை எழுதித் தொங்கவிட்டேன். முதல் சண்டை ஊர்ப் பெரிய போடியாரோடு. நூறு ஏக்கர்க்காரர், பள்ளிவாசல் நிருவாகமும் அவர் கையில்தான். வயல் பார்க்கிற ஆளை அனுப்பினார். துண்டு இல்லை, வெறுங்கையோடு திருப்பிவிட்டேன். டிராக்டரில் தானே வந்து இறங்கினார். கல்முனையில் வாங்கிக்கொள்கிறேன் என்றார். பஸ் நிற்குது, போங்க என்றேன். கடை முழுக்க ஆட்கள். அவர் பலகையைக் கையால் தட்டிவிட்டுச் சொன்னார்: "நாளைக்கு உப்பு வாங்கவும் விதானைக்கிட்டத் துண்டெடுக்கணுமோ?"

பள்ளி விறாந்தை

போடியார் அதோடு விடவில்லை. ஜும்ஆ முடிந்ததும் பொடியன்களையும் என்னையும் பள்ளி விறாந்தையில் நிறுத்தினார். செத்ததைத் தெருவில் கதைத்து ஊர் மானத்தை வாங்குகிறோமாம். "ஹராமான காரியம் எண்டு தெரியாதா?" என்றார். ஜௌபர் விட்டுக்கொடுக்கவில்லை. "தெரிஞ்சதாலதானே நாங்க தடுக்கிற. நீங்க மறைக்கிறீங்க."

எனக்குப் பொறுமை குறைவு. முன்னுக்கு வந்தேன். ரபீக்குக்கு வயிற்றுக்குத்து வரவில்லை, அவன் குடித்தது மருந்து, விற்றது நான், இல்லை என்கிறவன் என் முகத்துக்கு நேரே சொல்லட்டும் என்றேன். கடைசி வரிசையிலிருந்து ரபீக்கின் வாப்பா எழும்பிச் சொன்னார்: "இண்டைக்குத்தான் என்ட புள்ளட பேர ஊரு சத்தமாச் சொல்லுது."

பூட்டிய பெட்டி, திறந்த குசினி

ஒரு போகம் நன்றாகப் போனது. பிறகு பிசகியது. வெட்டு முடிந்தால் வாடியில் காவல் கிடையாது. யானை வரும், கள்ளன் வருவான். மிச்ச மருந்தை எறிய எந்தக் கமக்காரனுக்கு மனம் வரும்? பெட்டியைத் திறந்து எடுத்துவந்து, அடுப்புக்கு மேலே குசினிப் பரணில் வைத்தார்கள். துண்டெழுதிய விதானையும் அப்படித்தான். கடையைக் காத்தோம், வயலைக் காத்தோம், வீட்டை மறந்தோம். கலியாணம் முடித்து ஆறு மாதமான ஒரு பெண்ணை என் வேனில்தான் கல்முனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அல்லாஹ் காப்பாற்றினான்.

ஜௌபர் தலையைத் தொங்கப்போட்டான். பொடியன்கள் அடுத்தவன் குசினிக்குள் நுழைய முடியுமா? அப்போதுதான் ரபீக்குக்கு மூத்தவள், அவன் ராத்தா பரீதா வெளியே வந்தாள். ஆஸ்பத்திரியில் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் மூன்று நாள் இருந்தாள். அந்தப் பெண் சொன்னதை என்னிடம் வந்து எழுத்துப் பிசகாமல் சொன்னாள்: "ஒருத்தி வந்து 'என்னகா நடந்த' எண்டு கேட்டிருந்தா, நான் அந்தப் பரணப் பாத்திரிக்கவே மாட்டன்."

கதவைத் திற

பரீதா கலியாணமாகாத குமர்கள் எட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு வீடு வீடாக இறங்கினாள். மிச்சப் போத்தலை வாங்கி, பெயர் ஒட்டி, என் கடைக்கு அனுப்பினாள். அடுத்த போகம் துண்டோடு வந்து எடுக்கலாம். ஆகக் கூடுதலான போத்தல்கள் போடியார் வீட்டுக் குசினியிலிருந்துதான் வந்தன. போத்தல் வாங்க அஞ்சு நிமிஷம். அந்த வீட்டு இளசுகளோடு குந்திக் கதைக்க அரை நாள். சிலரை டாக்டரிடமும் கூட்டிக்கொண்டு போனார்கள். முகத்தைப் பார்க்கிற வேலை அதுதான். நாங்கள் யாரும் செய்யாதது.

ஊர்க் கழிவெல்லாம் கொட்ட என் கடை என்ன குப்பைமேடா என்று நான் கத்தினேன். பரீதா சாக்கை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "கத்துங்க மாமா. கத்திக் கத்தியே கதவத் தொறங்க."

கடையை மூடும் வரைக்கும் என் போத்தலால் இன்னொரு சந்தூக்கு எழும்பவில்லை என்று என் கையைப் பிடித்துப் பாராட்ட வருகிறவர்களுக்குச் சொல்லிவைக்கிறேன்: நான் கத்தினேன், ஜௌபர் மறித்தான், சரிப்படுத்தியவள் பரீதா.