கடிக்கிற கிட்டாரும் கடிக்கிற கிரைண்டரும்

கம்பியைத் தொட்டதும் விரல் நுனியில் ஒரு சுரீர்... கூடவே ஆம்ப்ளிஃபயரிலிருந்து "ஙொய்ய்ய்" என்று விடாத இரைச்சல். அலங்காநல்லூர்ப் பக்கம் நான் வாழ வந்த வீட்டில் என் எலக்ட்ரிக் கிட்டார் முதன்முதலாகப் போட்ட சத்தம் அதுதான்.

கல்யாணத்துக்கு முன்னால் மதுரையில் கிட்டார் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அதை விட மனசில்லை. முன்னறையில் கிளாஸ் எடுக்க, கெஞ்சிக் கூத்தாடி மாமியாரிடம் சம்மதம் வாங்கியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை நான்கு பிள்ளைகள் வருவதாகப் பேச்சு. அன்று வெள்ளி. ஷாக் அடிக்கிற கிட்டாரைப் பிள்ளைகள் கையில் கொடுக்க முடியுமா? ஏதாவது ஆகிவிட்டால் கிளாஸும் போச்சு, இந்த வீட்டில் என் பேச்சும் போச்சு.

கேபிளை மாற்றினேன். வேறு பிளக் பாயிண்டில் செருகினேன். ஃபேனை நிறுத்தினேன், டியூப்லைட்டை அணைத்தேன்... இரைச்சல் அப்படியே. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஆம்ப் வாங்கிய கடை அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"உங்க வீட்ல கிரைண்டர் ஷாக் அடிக்குமாம்மா?"

கிட்டாரைப் பற்றிக் கேட்டால் கிரைண்டரை விசாரிக்கிறாரே என்று எனக்கு எரிச்சல். இருந்தாலும் அடுப்படியில் இருந்த அத்தையிடம் கேட்டேன்.

"கிரைண்டர்னா கடிக்கத்தானத்தா செய்யும்? அதுக்குத்தேன் ரப்பர் செருப்பப் போட்டுக்கிட்டு ஆட்டுறேன். வேணும்னா நீயும் அதப் போட்டுக்கிட்டு வாசி."

போனில் கேட்டுக்கொண்டிருந்த அண்ணன் பதறிவிட்டார். "செருப்பெல்லாம் வேணாம்மா! ரெண்டையும் தொடாதீங்க. வயர்மேனக் கூப்பிட்டு எர்த்தப் பாக்கச் சொல்லுங்க. கசியிற கரண்டு மண்ணுக்குள்ள எறங்கலன்னாத்தான் ரெண்டும் இப்படி ஷாக் அடிக்கும்."

மறுநாள் காலை எங்கள் தெரு வயர்மேன் வந்தார். வீட்டுக்குப் பின்னால் எர்த் பைப் இருந்தது. மீட்டர் பெட்டியிலிருந்து அதற்கு வர வேண்டிய கம்பியைத்தான் காணோம். சுற்றும் முற்றும் பார்த்தவர் ஒரு இடத்தில் நின்றுவிட்டார்.

"பெரியம்மா, இந்தக் கொடிக் கம்பி ஏது?"

துணி காயப்போடும் கொடி. என் வீட்டுக்காரர் சட்டைகள் அதில் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

"பாத்ரூம் கட்டுனப்ப கொத்தனாரு கழட்டிப் போட்டாரு. நல்ல கம்பியாச்சேன்னு எடுத்துக் கட்டுனேன்..." அத்தையின் குரல் இறங்கிவிட்டது. "அப்ப இம்புட்டு நாளா கிரைண்டரு கடிச்சது என்னாலதேனா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. ஈரக்கையோடு எத்தனை நாள் மாவு வழித்திருப்பார்! கிட்டார் மட்டும் வராமல் இருந்திருந்தால்... வேண்டாம், அதை நினைக்கவே பிடிக்கவில்லை.

வயர்மேன் புதுக் கம்பி இழுத்தார். காய்ந்து கிடந்த குழியைத் தோண்டிக் கரியும் உப்பும் போட வேண்டும் என்றார். ஊறுகாய்க்கு வைத்திருந்த கல்லுப்பை அத்தை ஜாடியோடு தூக்கி வந்தார்.

"எம்புட்டு வேணும்? பூராத்தையும் கொட்டு."

இரண்டு குடம் தண்ணீரும் அவரே ஊற்றினார்.

வயர்மேன் சோதித்துப் பார்த்துச் சரி என்ற பிறகு ஆம்பைப் போட்டேன். இரைச்சல் இல்லை. பயந்து பயந்து கம்பியைத் தொட்டேன். சுரீரும் இல்லை. நாலைந்து கம்பியைச் சேர்த்து மீட்டி ஒரு கார்டு வாசித்தேன், அத்தனை சுத்தமாக வந்தது. அடுப்படியில் அத்தை கிரைண்டரைப் புறங்கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறு நான்கு பிள்ளைகளும் வந்தார்கள். வாசலிலேயே நின்று ஒவ்வொரு அம்மாவிடமும் அத்தை பெருமையாகச் சொன்னார்: "எங்க வீட்ல எர்த்து இருக்கு. பயப்படாம விட்டுட்டுப் போங்க."

இப்போது அதே முன்னறையில் சனியும் ஞாயிறும் இரண்டு பேட்ச். ஆம்ப்கூடப் புதுசு, ப்ளூடூத்தில் போனோடு இணைந்துகொள்கிறது. ஆரம்பத்தில் எல்லாம், சத்தம் பிடிக்குமோ என்னவோ என்று, ஒரு கம்பியைத் தட்டுவதற்குள் நாலு தடவை அத்தை முகத்தைப் பார்ப்பேன்.

போன வாரம் பிள்ளைகளுக்குப் பரீட்சை என்று கிளாஸுக்கு லீவு விட்டேன். நானும் கிட்டாரைத் தொடவில்லை. வயலிலிருந்து வந்த அத்தை வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னத்தா, வீடு இப்பிடிச் சத்தமில்லாமக் கெடக்கு... கரண்டு போயிருச்சா?"