மூன்றாவது மூலையில் செத்த டெப்

கொம்பனி எங்களுக்கு இரண்டு டெப் தந்தது, படம் எடுத்து அனுப்புகிற கைக்கணினி. ஒன்று பெரியது, ஒன்று சின்னது. பெரியதை நான் வாவிக்குள் வீசி எறியாமல் விட்டதற்கு ஒரே காரணம், கையெழுத்து வைத்து வாங்கியிருந்தேன் என்பதுதான். கோபக்காரி என்று எனக்கு ஊரில் பெயர். அது சும்மா வந்த பெயரில்லை.

விதைநெல் பார்ப்பது எங்கள் தொழில். கொம்பனியின் விதையை வாங்கி விதைக்கிற வயலில் பன்றிநெல் ஒன்றுகூட நிற்கக் கூடாது. நெல்லைப் போலவே முளைத்து, நெல்லைப் போலவே வளர்ந்து, கதிர் வந்த பிறகுதான் தன் குணத்தைக் காட்டுகிற களை அது. மணி சிவந்திருக்கும், நுனியில் நீளமாய்க் கூர் இருக்கும், முற்றுவதற்கு முன்பே பாதி கொட்டிவிடும். ஆகவே அறுவடைக்கு முன் ஒருவர் வயலுக்குள் இறங்கி நடந்து பார்த்து, நாலு மூலையிலும் நடுவிலும் படம் எடுத்து, அன்றைக்கே கொம்பனிக்கு அனுப்ப வேண்டும். அனுப்பினால் அது விதைநெல். அனுப்பாவிட்டால், வயல் எவ்வளவு சுத்தமாய் இருந்தாலும் சோற்று நெல்தான், விலை குறைவு.

இதை நானும் என் கூட்டாளியும் செய்துவந்தோம். அவள் மாங்கேணிக்காரி. முன்பு மீன் வாங்கி விற்றவள், களுதாவளையில் கலியாணம் முடித்து அங்கேயே இருக்கிறாள். அவளுக்கு என்னைவிட வாய் அதிகம்.

இரண்டு டெப்பையும் இரண்டு கிழமை பாவித்துப் பார்த்துவிட்டு எது நல்லதென்று எழுதித் தரச் சொன்னார் மனேஜர். நாங்கள் எழுதுவதைப் பொறுத்து எல்லா ஊர் ஆட்களுக்கும் அதையே வாங்குவார்களாம். எங்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதும் அதே மாதத்தில்தான் இருந்தது. தனக்கு எது பிடிக்கும் என்பதை அவர் ஒளிக்கவில்லை.

"மிஸ், இந்தப் பெரிசு கையில இருந்தா உங்களுக்குக் கண்ணே தேவல்ல. படத்த எடுத்த உடனே அதுவே பன்றிநெல்லத் தேடிப் பிடிச்சு சிவப்பு வட்டம் போட்டுத் தரும்."

பொய்யில்லை. டவுணில், அவருடைய குளிர் அறைக்குள், பழைய படமொன்றை வைத்துக் காட்டியபோது எனக்கே வாய் பிளந்துவிட்டது. சின்னதுக்கு அந்தக் கெட்டித்தனம் கிடையாது. படம் எடுக்கும், இடத்தைக் குறிக்கும், அனுப்பும். அதையும் ஆடி அசைந்துதான் செய்யும். ஆனால் ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் இரண்டு நாளைக்குக் கேட்காது.

முதல் கிழமை பெரியதைத் தூக்கிக்கொண்டு வட்டைக்குள் இறங்கினோம். வட்டை என்று நாங்கள் சொல்வது கண்ணுக்கெட்டிய தூரம் வரை கிடக்கும் வயல்வெளியை. அங்கே மரமும் இல்லை, கறண்டும் இல்லை, வெயில் மட்டும் தாராளம். வெயிலில் திரை தெரியவேண்டுமென்று வெளிச்சத்தைக் கூட்டினால் டெப் சூடாகும். படத்தைப் பரிசோதிக்க விட்டால் இன்னும் சூடாகும்.

"அக்கா, நெருப்புக்கா இது! கையில வெச்சிருக்க ஒண்ணா" என்று கத்தினாள் கூட்டாளி. "இஞ்ச தாங்க, ரெஜிபோம் பெட்டிக்குள்ள வெப்பம்."

மீன் விற்ற புத்தி போகுமா? குடிதண்ணீர்ப் போத்தலுக்கு ஐஸ் போட்டுக் கொண்டுவந்த பெட்டிக்குள் அதை வைத்து மூடினாள். வெளியே எடுத்தபோது கமராவுக்குள் பனிமூட்டம்போலப் புகார் படிந்து, அதற்குப்பிறகு எடுத்த நாலு படத்திலும் வயல் பாலுக்குள் முங்கின மாதிரித் தெரிந்தது. நான் ஏசின ஏச்சில் பக்கத்து வரம்பில் நின்ற கொக்குகள் பறந்தன. அவள் சிரித்தாள்.

நான் மட்டும் என்ன பெரிய கெட்டிக்காரியா? பம்ப் வைத்துத் தண்ணீர் இறைக்கிற வீட்டில் வளர்ந்தவள் நான். மெசின் சூடானால் நிற்பாட்டி ஆறவிட வேண்டும், இல்லாவிட்டால் எரிந்துபோகும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ஆகவே ஒவ்வொரு வயல் முடிந்ததும் டெப்பை முழுதாய் அணைத்து, சேலைத் துண்டால் சுற்றி, அடுத்த வயலில் மறுபடி உயிர்ப்பித்தேன். பற்றரியைச் சேமிக்கிறேன் என்று எனக்கு ஒரே பெருமை. ஒவ்வொரு தரமும் எழும்பி, தான் எங்கே நிற்கிறேன் என்று கண்டுபிடிக்கத்தான் அது அதிகமாய்ப் பற்றரியைத் தின்றது என்பதை ஒருவரும் சொல்லித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

இரண்டாவது கிழமை உன்னிச்சைக்கு அங்கால் ஒரு வட்டைக்குப் போனேன். அன்று தனியே போனேன், கையில் பெரியது. சின்னதைக் கூட்டாளி வைத்திருந்தாள். கடைசி வயல் ஓர் அக்காவுடையது. என்னைவிடப் பத்து வயது கூடியிருக்கும். புருஷன் இல்லை, பிள்ளைகள் வெளியூரில். அந்த வயலில் ஒன்பது நாள் தனியே இறங்கிப் பன்றிநெல் பிடுங்கியிருந்தார். அடுத்த நாள் விடிய நெல் அறுக்கிற வெட்டுமெசின் வருகிறது. வட்டையில் அது முறைப்படிதான் வரும். முறையைத் தவறவிட்டால் மெசின் வேறு வட்டைக்குப் போய்விடும். மேற்கே வானமும் கறுத்துக்கொண்டு நின்றது. ஆகவே பார்ப்பதென்றால் அன்றைக்குத்தான்.

நான் முதலில் நடந்து கண்ணால் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அவ்வளவு சுத்தமான வயலை அந்தப் போகத்தில் நான் காணவில்லை. முதல் மூலை, படம், சுத்தம். இரண்டாவது மூலை, சுத்தம். மூன்றாவது மூலை வாய்க்கால் பக்கம். படத்தை எடுத்தேன். டெப் யோசித்தது. திரையில் ஒரு சிவப்பு வட்டம் வந்தது. எந்த இடமென்று பெருப்பித்துப் பார்க்க விரலை வைத்தேன், திரை கறுத்துப்போனது. அவ்வளவுதான். பொத்தானை அழுத்தினேன், தட்டினேன், ஏசினேன். பவர்பேங்க் காலையிலேயே வற்றியிருந்தது. லைன் திருத்துகிறார்கள் என்று அந்தப் பகுதி முழுக்கக் கறண்டும் இல்லை.

"என்னகா புள்ள, பேயறஞ்ச மாதிரி நிக்காய்?" என்று வரம்பிலிருந்து கேட்டார் அக்கா.

"செத்துப்போச்சு அக்கா."

"ஐயோ, ஆரு?"

"ஆருமில்ல, இந்த மெசின்."

"சீ, நான் பயந்திட்டன். அப்ப கையால எழுதுகா."

"கையால எழுதினா எடுக்கமாட்டாங்க. என்ட போன்ல எடுத்தாலும் எடுக்கமாட்டாங்க. இந்த ரெண்டு டெப்பில ஒண்டால அனுப்பினாத்தான் கணக்கு."

சிவப்பு வட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அவர் முகத்தைப் பார்க்க அந்தளவு கஷ்டமாய் இருந்தது. பிறகு சொன்னேன்.

அவருக்குக் கோபம் வந்தது. "ஒன்பது நாள் முதுகு வளைச்ச வயல் இது. இதுக்குள்ள பன்றிநெல்லா? உன்ட மெசினுக்கு வெயில்ல மண்ட காஞ்சிருக்கும்."

"நானும் காணல்ல அக்கா. ஆனா அது கண்டிருக்கு. இறங்கித் தேடுவம், வாங்க."

மூன்றாவது மூலையில் இருவரும் இறங்கினோம். ஒரு கை அகலத்துக்கு ஒருதரம் நெல்லை விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டு போனோம். வியர்வை கண்ணுக்குள் ஊற்றியது. ஒரு மணித்தியாலம் இருக்கும். அவர்தான் கண்டார். வாய்க்கால் வரம்போடு சாய்ந்து கிடந்த நெல்லுக்கு அடியில், இரண்டு தாள், சிவந்த மணி, நுனியில் கூர்.

"பாழ்படுவானே, இஞ்சயா ஒளிஞ்சி கிடந்தாய்!" என்றார். தலைத்துண்டை அவிழ்த்து, ஒரு மணியும் கொட்டாதபடி கதிரைச் சுற்றிக் கட்டிவிட்டுத்தான் வேரோடு பிடுங்கினார். பிறகு வரம்பில் குந்திக்கொண்டு என்னைப் பார்த்தார். "இப்ப சுத்தம்தானே புள்ள? இப்ப அனுப்பலாம்தானே?"

அனுப்பலாம். பிடுங்கிய அன்றைக்கே மறுபடி பார்த்து அனுப்பினால் ஏற்றுக்கொள்வார்கள். அதற்கு உயிரோடு ஒரு டெப் வேண்டும். நான் கூட்டாளிக்குப் போன் அடித்தேன்.

"எங்க நிக்காய்?"

"வீட்ட. சோறு வடிக்கிறன்."

"அடுப்ப அணைச்சிட்டு சின்னதத் தூக்கிக்கு வா. பாதை ஏறி இக்கரைக்கு வந்திடு, நான் துறையில நிக்கன்." வாவியில் ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றி இறக்கும் மிதவையைத்தான் நாங்கள் பாதை என்போம்.

"ரெண்டு நாளா சார்ஜ் போடல்லக்கா."

"எவ்வளவு கிடக்கு?"

"பாதி கிடக்கு."

அந்த நேரம் அவளைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்திருப்பேன். அக்காவிடம் "கிறுகி வருவன், நான் வராம ஒரு தாளும் வெட்ட விடாதீங்க" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை மிதித்தேன். துறைக்குப் போனபோது பாதை நடுவாவியில் வந்துகொண்டிருந்தது. கூட்டாளி டெப்பைப் பச்சைப்பிள்ளை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன்னால் நின்றாள். "சோறு குழைஞ்சிருக்கும், அதுக்கும் நீங்கதான் பொறுப்பு" என்று நீட்டினாள்.

வட்டைக்குத் திரும்பும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. அஞ்சு மணி. சின்னது ஒவ்வொரு படத்தையும் எடுத்துவிட்டு திரையில் ஒரு வட்டத்தைச் சுற்றவிட்டுக்கொண்டே நின்றது.

"இது என்னகா, யோசிக்குதா?" என்றார் அக்கா.

"யோசிக்கத் தெரியாது அக்கா. மெதுவா எழுதுது."

"எழுதட்டும், எழுதட்டும். அவசரப்படுத்தாத."

நாலு மூலை, நடு, மறுபடி மூன்றாவது மூலை. கடைசிப் படம் போய்ச் சேர்ந்தபோது பற்றரியில் இன்னும் மிச்சம் இருந்தது. அக்கா என் தலையில் கை வைத்தார். நான் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

அடுத்த நாள் விடிய வெட்டுமெசின் வந்து வயலை வெட்டியது. அன்று மத்தியானம் எங்கள் வீட்டில் பெரியதைச் சார்ஜில் கொழுவினேன். எழும்பியதும், நான் கேட்காமலே, மூன்றாவது மூலையின் படத்தை அது கொம்பனிக்கு அனுப்பிவிட்டது. சிவப்பு வட்டத்தோடு.

மனேஜர் அழைத்தார். "மிஸ், ஒரே வயலுக்கு ரெண்டு படம் வந்திருக்கு. ஒண்டில பன்றிநெல் இருக்கு, மத்ததில இல்ல. எது உண்மை? அந்த மூட்டையள நான் மறிச்சு வெச்சிருக்கன்."

மெசின் பிழை விட்டுவிட்டது, படம் மங்கல் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஐஸ் பெட்டிப் படங்களை அவர் முன்பே கண்டவர், நம்பியிருப்பார். அந்த மூட்டைகள் அந்த நிமிடமே விதைநெல்லாய் ஏறியிருக்கும். ஆனால் அந்த மெசின் சரியாய்த்தான் கண்டது. நான்தான் காணவில்லை. அதை மறைத்துவிட்டுக் கண்ணை நம்பி வயலுக்குச் சின்னதைத் தாருங்கள் என்று நான் எப்படி எழுதுவது?

நடந்ததை நடந்தபடி சொன்னேன்.

"அப்ப உங்கட கண் விட்டதத்தான் மெசின் பிடிச்சிருக்கு" என்றார்.

"ஓம் சேர், பிடிச்சது. பிடிச்சுப்போட்டு செத்திட்டு. தேடிப் பிடுங்கினது அந்த அக்கா."

அதற்கு அவர், ஒன்று நின்ற இடத்தில் இன்னொன்றும் நின்றிருக்கலாம், ஸ்டோருக்கு வாங்க, மூட்டையைப் பிரித்துப் பார்ப்போம், சிவந்த மணி ஒன்று கிடந்தாலும் மொத்தமும் சோற்று நெல், உங்கள் ஒப்பந்தத்தையும் அதோடு பார்த்துக்கொள்ளலாம் என்றார். நான் வருகிறேன் என்றேன்.

இடையில் கிடைத்த மூன்று நாளும் பெரியதை அணைக்காமல், ஆறவிடாமல், அது எப்படிப் பாவிக்க வேண்டுமோ அப்படிப் பாவித்துப் பார்த்தேன். நியாயம் நியாயம்தானே. பகல் இரண்டு மணி வரை உயிரோடு நின்றது, அதற்கு மேல் ஒருநாளும் நிற்கவில்லை. அதையும் எழுதினேன், நான் விட்ட பிழையையும் எழுதினேன், என் கண் தவறவிட்டதையும் எழுதினேன். முடிவில், வயலுக்குச் சின்னதைத் தாருங்கள், பெரியது உங்கள் கந்தோர் மேசையில் கறண்டோடு இருந்து நாங்கள் அனுப்புகிற படங்களை அன்றைக்கன்றைக்கே பரிசோதித்து எங்களுக்குச் சொல்லட்டும் என்று எழுதி முடித்தேன்.

ஸ்டோருக்கு நான், கூட்டாளி, அக்கா மூவரும் போனோம். அக்கா நல்ல சேலை உடுத்தியிருந்தார். ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் ஒரு சுண்டு அள்ளி வெள்ளைத் துணியில் பரப்பினார்கள். ஒருவர் பேனை முனையால் மணி மணியாய்த் தள்ளித் தள்ளிப் பார்த்தார். மனேஜர் என் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"மிஸ், இப்பயும் மாத்தி எழுதலாம். பெரிசா, சின்னதா?"

அங்கே துணியில் எண்ணி முடியவில்லை. ஒரு சிவந்த மணி கண்டால் எனக்குத் தொழிலும் இல்லை. இருந்தாலும் எனக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

"பின்னேரம் அஞ்சு மணிக்கு எது உயிரோட இருக்குதோ அது, சேர்."

அவர் கடிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அவர் துணியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கடைசி மூட்டையின் நெல்லையும் தள்ளிப் பார்த்துவிட்டு அந்த ஆள் பேனையை மூடினார். "சுத்தம்" என்றார்.

அக்கா அப்படியே மூட்டைமேல் இருந்துவிட்டார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். ஒன்பது நாள், ஒன்பது நாள் என்று மட்டும் சொன்னார். நான் ஏசுவதற்குத்தான் பழகியவள், ஆறுதல் சொல்லத் தெரியாது. பக்கத்தில் போய் இருந்து நானும் அழுதேன்.

பிறகு, விதைநெல் என்று அச்சடித்த மஞ்சள் அட்டையைக் கொண்டுவந்து முதல் மூட்டையின் வாயில் வைத்துத் தைத்தார்கள். அக்கா கண்ணைத் துடைத்துவிட்டு எழும்பி வந்து பக்கத்தில் நின்றார். கடைசி மூட்டைக்கும் அட்டை தைத்து முடியும் வரை அவர் அந்த இடத்தை விட்டு அசையவில்லை.